ஊரார் இடுப்பை மிதித்த கால்

என் முதுகைப் பற்றி ஊருக்கு ஒரு கதை உலவுகிறது. தேவாரம் ஊர்ப்பக்கம் என்னை யானை விரட்டியது என்கிறார்கள். பொட்டிபுரத்தில், தோட்டத்து ஜீப்பு இடித்து நான் சைக்கிளோடு ஓடைக்குள் போனதாகப் பேச்சு. போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என்னிடமே வந்து, "அந்த ரொட்டிக்காரர் தவறிட்டாராமே, நல்ல மனுசன்" என்று துக்கம் விசாரித்தார். நானும் ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல மனுசன் என்ற பேரை எதற்குக் கெடுப்பானேன்.

யானையும் இல்லை, ஜீப்பும் இல்லை. குளித்துவிட்டு, கீழே விழுந்த ஈரத் துண்டை எடுக்கக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. நடந்தது அவ்வளவுதான். குனியக் குனியக் குட்டுகிறவன் உலகத்தில் உண்டு என்பார்கள். உலகம் மட்டுமில்லை, முதுகும் குட்டும். நாளைக்கு இதே மாதிரி குனியப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சுருளி. ராவுத்தர் பேக்கரியிலிருந்து பன்னு, ரஸ்க்கு, வர்க்கி எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, மலையடிவாரத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது என் சோலி. ஆடி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அதையும் மிதித்துப் போய்த் திரும்புவேன். இத்தனை வருசம் அந்தப் பெட்டியைத் தூக்கி இறக்கிய முதுகை ஒரு துண்டு வீழ்த்தியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான், ஆனால் வாழைப்பழத் தோலிலா சறுக்க வேண்டும்?

எனக்கு இன்னொரு சோலியும் உண்டு. அது கூலியில்லாத சோலி. தலை வரவேண்டிய இடத்தில் கால் முன்னால் வந்து பிறந்தவன் நான். அப்படிப் பிறந்தவன் காலுக்கு ஒரு ராசி உண்டென்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்பிலோ முதுகிலோ பிடித்துக்கொண்டால் அவன் கால் பட்டால் போதும், பிடிப்பு விட்டுவிடும். அதனால் என் சைக்கிள் மணி கேட்டால் பன்னு வாங்கப் பிள்ளைகள் ஓடி வரும். அதற்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் வருவார்கள். நான் ஸ்டாண்டு போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, வலது கால் பெருவிரலால் வலிக்கிற இடத்தை மூன்று தடவை தடவி, கடைசியில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவேன். அதற்குக் காசு வாங்கக்கூடாது, வாங்கினால் பலிக்காது. தட்டு வாங்கியவர்கள் கையோடு ரெண்டு ரஸ்க்கும் வாங்கிக்கொண்டு போவார்கள். அது வியாபாரம், வைத்தியத்தில் சேராது.

சரி, துண்டுக்கு வருவோம். குனிந்தவன் நிமிர முடியவில்லை. என் மனைவி பேச்சி வெளியே வந்து பார்த்தாள். அவள் என் மாமன் மகள். ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலை. கருத்தது, வெடித்தது, பச்சைக்காய் என்று நாளெல்லாம் தரம் பிரித்த கண். என்னையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன மச்சான், காசு எதுவும் விழுந்துருச்சா" என்றாள். நான் மடிந்தபடியே சுவரைப் பிடித்ததும்தான் அவள் முகம் மாறியது.

அன்றைக்கு அது வெறும் பிடிப்புதான். ரெண்டு நாள் படுத்து, மெல்ல நடந்திருந்தால் தானே விட்டிருக்கும் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். ஆனால் கைவசம் வைத்தியம் வைத்திருக்கிற ஊர் சும்மா இருக்குமா? இதில் ஒரே சிக்கல், வைத்தியன் நானே. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் முதுகு தன் காலுக்கு எட்டவும் எட்டாது. கால் முன்னால் வந்து பிறந்த வேறு ஆளைத் தேடினார்கள். ரெண்டு தெரு தள்ளி ஒச்சம்மா இருந்தாள். தயிர் விற்கிறவள். தயிர்ப்பானையைத் தலையில் வைத்து அவள் நடந்தால் பானை ஆடாது, தெரு ஆடும்.

ஒச்சம்மாளின் முறை வேறு. பெருவிரல், தடவல் எல்லாம் அவளிடம் கிடையாது. குப்புறப் படுக்கப் போட்டு ஏறி நிற்பாள். வந்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊரையெல்லாம் உதைச்சீங்கள்ல அண்ணே, இன்னைக்கு நீங்களும் வாங்கிக்கங்க" என்று சொல்லி ஏறினாள். மளுக்கென்று ஒரு சத்தம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "விட்டுருச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுந்து நின்றபோதுதான், இடுப்பிலிருந்து வலது கால் சுண்டுவிரல் வரைக்கும் ஒரு தீக்கோடு ஓடியது.

ஜீப்பின் பின்னால் பெஞ்சில் படுக்கப் போட்டுக் கொண்டுபோனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. சின்ன ஆஸ்பத்திரி, மலைத்தோட்டங்களிலிருந்து இறங்குகிற சனங்கள் வருவது. சரிவில் ஏலச்செடிக்கு நடுவே வழுக்கியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் என்று அந்த வார்டில் பாதிப்பேருக்கு முதுகுதான். காத்திருக்கும் பெஞ்சில் எல்லாருமே ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக்காற்றில் சாய்ந்த வாழைத்தோப்பு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முழங்கால் மடங்காமல் என் வலது குதிகாலைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். எனக்கு வலியைவிடக் கூச்சம் பெரிதாக இருந்தது.

"காலைத் தொடாதீங்கம்மா."

"வேற எதைத் தொட்டாலும் உங்க நோய் எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

ஒரு சாண் உயரம் போவதற்குள் நான் கத்திவிட்டேன். அதுதான் பரிசோதனை. முதுகிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு நரம்பு கயிறு மாதிரி ஓடுகிறதாம். காலைத் தூக்கினால் கயிறு இழுபடும். மேலே எங்கேயாவது அது நசுங்கியிருந்தால் பாதியிலேயே வலிக்கும். எவ்வளவு சீக்கிரம் கத்துகிறோமோ அவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று கணக்கு.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து, எலும்பு ஒன்றும் நொறுங்கவில்லை என்றார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்கு டிஸ்க் என்று பேர், அது படத்தில் தெரியாது, அதுதான் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ரஸ்க்குக்கும் ரஸ்க்குக்கும் நடுவுல ஜாம் பன்னு வச்ச மாதிரிங்களாம்மா? ஒரு பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் ஜாம் வருமே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, இனிமேல் எல்லாருக்கும் இதையே சொல்லப் போவதாகச் சொன்னார்.

பிறகு சிரிப்பு நின்றது. பிடிப்பாக இருந்தது ஒரே நாளில் இப்படி ஆக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஜீப்பில் கூடவே வந்திருந்த சனம் முழுக்கச் சுவரைப் பார்த்தது. ஒச்சம்மா அலமாரிக்குப் பின்னால் போனாள். முழுசாக மறைய அந்த அலமாரி போதவில்லை. கடைசியில் பேச்சிதான் சொன்னாள்: "மிதிச்சாங்கம்மா."

"மிதிச்சாங்களா?"

அதற்குப் பிறகு கால் பிறப்பு, ராசி, என் கூலியில்லாத சோலி எல்லாம் வெளியே வந்தது. நான் எப்படிச் செய்வேன் என்று டாக்டரம்மா விவரமாகக் கேட்டார். மூன்று தடவல், ஒரு தட்டு என்றதும், "அதுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றவர், அலமாரிப் பக்கம் திரும்பி, "அந்தம்மா எத்தனை கிலோ?" என்றார்.

"அது எதுக்குங்க இப்ப" என்றாள் ஒச்சம்மா.

மறுநாளிலிருந்து ஒரு தூக்குவாளித் தயிர் வார்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போகும்வரை நிற்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வார்டு முழுக்க மோர்ச்சோறு சாப்பிட்டது.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். மறுபடி சைக்கிள் ஏற முடியுமா? ரொட்டி தினமும் போயாக வேண்டிய சரக்கு. முதுகு சரியாகட்டும் என்று அது காத்திருக்காது. மொபெட்டு வைத்திருக்கிற ஒரு பையன் ராவுத்தரிடம் வந்து, அந்த லைனைத் தனக்குக் கொடுத்தால் பாதி நேரத்தில் போய் வருவதாகச் சொன்னானாம். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் முடியாது என்று ராவுத்தர் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது. எதிர்காற்றில் மூக்கொழுக மிதித்துப் போகிறவனைக் கல்லாவில் உட்கார வைத்தால் பன்னு மாதிரி நமத்துப் போவான்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் கட்டிலுக்கு எதிரே இருந்த ஜன்னலைக் காட்டினார். அதன் நடுச்சட்டம் என் தோள் உயரத்துக்கு இருந்தது. "முழங்கால் மடக்காம, வலி இல்லாம, இந்தக் காலு அந்தச் சட்டத்து உசரத்துக்கு வரட்டும். அன்னைக்குச் சைக்கிளைப் பத்திப் பேசுவோம்" என்றார். அன்றிலிருந்து அந்த ஜன்னல் வழியாக நான் வெளியே பார்த்ததே இல்லை. சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இடுப்பில் ஒரு பட்டை கட்டி, கயிற்றைக் கால்மாட்டுக் கப்பி வழியாக விட்டு, அதன் நுனியில் எடைக்கல் தொங்கவிட்டார்கள். அந்த இழுப்பில் எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும், பிதுங்கியது உள்ளே போக வழி கிடைக்கும் என்பது ஏற்பாடு. பக்கத்துக் கட்டிலில் தங்கையா. நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். எடைக்கல்லைப் பார்த்துவிட்டு, "அண்ணனை எடை போட்டு ஏலத்துக்கு விடறாங்களோ? ஆரு எடுக்கும்?" என்றார். முதல் தரமில்லை, வெடித்த காய், யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பேச்சி சொன்னாள்.

நான் அங்கே கிடக்கிறேன் என்று தெரிந்ததும் வந்தது இன்னொரு தொல்லை. பிற நோயாளிகளைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் என் கால்மாட்டுக்கு வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வருவார்கள். படுத்தபடியே ஒரு தட்டுத் தட்டினால் போதுமாம். ஒரு நாள் வரிசையே நின்றது. இவர் காலில் யாரும் முதுகை வைக்கக்கூடாது என்று நர்சு அதட்டி விரட்டினார். ஆஸ்பத்திரிச் சட்டத்தில் எனக்காகச் சேர்ந்த சட்டம் அது.

சாயங்காலம்தான் கஷ்டம். தெருவில் சைக்கிள் மணி கேட்கும். இது பால்காரர், இது தபால்காரர், இது பிரேக்கு இல்லாத வண்டி என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன். என் மணி மட்டும் கேட்காது. அந்த நேரத்துக்குச் சரியாகப் பேச்சி வந்துவிடுவாள், சேலையெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு. ஆஸ்பத்திரி மருந்து வாசம் அன்றைக்கு அத்தோடு போச்சு. பில்லுக்கு அவள் ஏலச்சீட்டு எடுத்தாள் என்பது மட்டும் தெரியும். மேற்கொண்டு கேட்டால், "பேசாம கிடங்க, வெல மட்டும் விசாரிக்க வந்துட்டீங்க" என்பாள்.

வலி கொஞ்சம் தணிந்ததும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வருவது. பாதத்தை ஊன்றி இடுப்பைப் பாலம் மாதிரி தூக்கி நிறுத்துவது. குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நல்லபாம்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்துவது. கடைசியாக, காலை நீட்டித் தூக்குவது. இதற்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். குதிகாலைத் தோளில் தாங்கி, வலிக்கிற இடம் வரைக்கும் தூக்கி நிறுத்திப் பிடிக்க வேண்டும். டாக்டரம்மா பேச்சியைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்தார்.

இருபது கட்டில் இருக்கிற வார்டில் பொண்டாட்டி தோளில் காலைத் தூக்கிப் போடுவதா? நான் மாட்டேன் என்றேன். பேச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கட்டில் ஓரமாகத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ஊருல இருக்கற முதுகுல எல்லாம் காலை வைக்கத் தெரியுது. என் தோளுக்கு மட்டும் என்ன கொறச்சல்? வைங்க." வைத்தேன். அவள் மெல்ல மெல்ல எழுந்தாள். எதிர்வரிசையில் ஒருத்தர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தங்கையா மட்டும், "சேச்சி, கொறச்சுகூட, இன்னும் கொஞ்சம்" என்று பஸ்சுக்கு ரிவர்ஸ் சொல்கிற மாதிரி குரல் கொடுத்தார். முதல் நாள் அவளால் பாதிகூட நிமிர முடியவில்லை. நான் கத்தினால் நின்றுகொள்வாள், எனக்கு மூச்சு வந்ததும் மறுபடி எழுவாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு என் பக்கத்தில்தான் நின்றது.

மாசக் கடைசி நெருங்கியது. சட்டத்துக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி. அப்போதுதான் ராவுத்தர் வந்தார். அவரை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கையால் கதவையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, ரெண்டாக மடிந்து வந்தார். மைதா மூட்டையை இழுத்திருக்கிறார், பிடித்துக்கொண்டது. கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, என் கால்மாட்டுக்கு வந்து முதுகைத் திருப்பினார்.

"சுருளி, ஒண்ணும் பேசாத. வெரசா ஒரு தட்டு. கடை தெறந்து கெடக்கு."

நான் எடைக்கல்லைக் காட்டினேன். நான் வாய் திறப்பதற்குள் பேச்சி முந்திக்கொண்டாள். "இருங்க மொதலாளி. அந்தக் காலு இப்ப அவருக்கே ஆகல. ஒச்சம்மாகிட்டயும் போயிராதீங்க. இந்தக் கட்டில் காலியாத்தான் இருக்கு, படுங்க." தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து, மெல்ல மல்லாக்கத் திருப்பிப் படுக்க வைத்தாள், முழங்காலுக்கு அடியில் ரெண்டு தலையணையைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலிருந்த சுருக்கம் விட்டது. டாக்டரம்மா வந்து பார்த்து, வேறொன்றும் செய்யத் தேவையில்லை, இதேபோல ரெண்டு நாள் போதும் என்றார்.

இதெல்லாம் உனக்கு எப்படி வந்தது என்று பேச்சியைக் கேட்டேன்.

"எனக்கும் வலிக்கும்ல மச்சான். நாள் பூரா குனிஞ்சு காய் பொறுக்குறவ நான். புருசன் காலு பொண்டாட்டிக்குப் பலிக்காதுன்னு எங்காத்தா சொல்லிருச்சு. அதான் டாக்டரம்மா உங்களுக்குச் சொன்னதை நான் வீட்டுல செஞ்சு பாத்தேன். இப்பத்தான் நிமுந்து தண்ணிக்குடம் எடுக்குறேன்."

ஊர் முழுக்க என் காலுக்கு வந்து போயிருக்கிறது. என் வீட்டுக்குள் ஒரு முதுகு இத்தனை வருசம் சும்மா வலித்துக்கொண்டு இருந்திருக்கிறது. தூக்குவாளியைக் காட்டி, "தயிர் சாப்பிடுறியா" என்று கேட்டேன்.

மறுபக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்த ராவுத்தர் கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். மொபெட்டுப் பையனைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தாராம். வேகமாகத்தான் போனான், அதைவிட வேகமாகச் சரக்கு திரும்பி வந்தது. ஊர்களில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரொட்டி இருக்கு, காலு எங்க?" என்று கேட்கிறார்களாம். "நான் இம்புட்டு நாளா என் பன்னுக்குத்தான் அந்த ஓட்டம்னு நெனச்சேன்யா" என்றார், ரொம்ப வருத்தத்தோடு. ஆனாலும் வாக்கு வாக்குதான். நான் சைக்கிள் ஏறாவிட்டால் அவரும் என்ன செய்ய முடியும்? அந்த ரெண்டு நாளும் நாங்கள் சேர்ந்து பாலம் கட்டினோம், சேர்ந்து பாம்பானோம். எனக்குப் பேச்சி காலைத் தூக்கும்போது அவர் சட்டத்தைப் பார்த்து அளவு சொன்னார்.

மாசக் கடைசிக்குள் அந்த நாள் வந்துவிட்டது. டாக்டரம்மாவே குதிகாலைப் பிடித்தார். கால் எழுந்தது. கட்டில் கம்பியைத் தாண்டியது. வழக்கமாகக் கத்துகிற இடத்தில் நான் வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன், சத்தம் வரவில்லை. பெருவிரலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பிறகு விரல் சட்டத்தை மறைத்தது. "வலிக்குதா?" என்றார். தொடைக்குப் பின்னால் இழுக்கிறது, வலி இல்லை என்றேன். வார்டில் தங்கையா கை தட்டினார். வேறு யாராலும் எழுந்து தட்ட முடியவில்லை, கட்டிலைத்தான் தட்டினார்கள்.

டாக்டரம்மா அத்தோடு விடவில்லை. சைக்கிளைக் கொண்டு வரச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்த மாதிரியே அதையும் பார்த்தார். சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன், நிறுத்தினால் ரெண்டு காலும் தரையில் படட்டும் என்று. அதனால்தான் முழங்கால் மடங்கி, முதுகு கூனி மிதித்திருக்கிறேன். சீட்டை ஏற்றச் சொன்னார். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். ஒரே உயரப் பெட்டியை எடுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற ரெண்டு சின்னப் பெட்டி. மேட்டில் இறங்கித் தள்ளலாம், அதில் அவமானம் இல்லை. எதை எடுப்பதானாலும் குனியக்கூடாது. உட்கார்ந்து எடுத்து, காலால் எழ வேண்டும். காலையில் பயிற்சி செய்யாமல் பெடலில் கால் வைக்கக்கூடாது.

"காலு வைக்கிறதுங்கம்மா?" என்று, சேதி கேட்டு வந்து நின்ற ராவுத்தர் கேட்டார். அவருக்கு வியாபாரக் கவலை.

டாக்டரம்மா என் பெருவிரலைப் பார்த்தார். "விரலால தடவுறதோட சரி. தட்டு, உதை எதுவும் வேண்டாம். தடவிட்டு, நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுங்க. காலு மரத்துப் போச்சுன்னு யாராவது சொன்னா, தொடாம இங்க அனுப்பிடணும்."

முதல் ஓட்டம் பொட்டிபுரத்துக்கு. சீட்டு உயர்ந்ததில் ஊர் கொஞ்சம் தாழ்ந்து தெரிந்தது. காற்று எதிரேதான் வந்தது. வரட்டும் என்று மிதித்தேன். ஊருக்குள் நுழைந்து மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்தன. பின்னாலேயே கடலைக்காட்டுக்காரம்மா ஒருத்தி, களை எடுக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்போடு வந்து சேர்ந்தாள். எனக்காகவே மூன்று நாளாகக் காத்திருந்தாளாம்.

செருப்பைக் கழற்றி, பெருவிரலால் மூன்று தடவை தடவினேன். "தட்டு எங்கப்பு?" என்றாள். தட்டு இப்போது வேறு மாதிரி என்று சொல்லி, வேப்பமரத்து நிழலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வரச் சொல்லிக் கொடுத்தேன். பத்துத் தடவை செய்துவிட்டு, நான் சொன்னபடி பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுந்தாள். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். திருப்திதான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா, ஊருக்கெல்லாம் நீ காலு வைக்கிற. ஒனக்குப் பிடிச்சப்ப யாருப்பு காலு வச்சா?"

"எனக்கு யாரும் காலு வைக்கல ஆத்தா. என் பொண்டாட்டி தோளு வச்சா."

அந்தம்மா முந்தியை அவிழ்த்துக் காசை எடுத்து, "எனக்கு நாலு ரஸ்க்கு குடு" என்றாள். கொடுத்தேன். மறுபடி முந்தியை அவிழ்த்தாள்.

"ஒரு ஜாம் பன்னும் எடு. அது எனக்கில்ல. அவளுக்குக் கொண்டு போ."